விரல் பொறுக்கும் சூடு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தேன் கண்ணு, அதனால் மணி மறக்கவில்லை. மலையடிவாரத்தில் மரவள்ளி மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு காய்ச்சும் ஆலையில் எனக்கு ஆய்வுக்கூட வேலை. கூழை ஒரு குழாயில் எடுத்து அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். மாவு உடைய உடைய அந்த நீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போகும். நிறம் போக எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊதாவில் நின்றபோது போன் அடித்தது. திரையில் உன் அம்மாவின் பெயர். எடுத்து, "சொல்லு, போய்ச் சேந்துட்டியா?" என்றேன். யாரோ ஓர் ஆள், "ஏனுங்க, இந்த போனுக்காரங்க உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "பதறாம கேளுங்க" என்றார். அந்தக் குழாய் கடைசியில் என்ன நிறமானது என்று எனக்குத் தெரியாது. யாராவது கழுவி வைத்திருப்பார்கள்.

நம் வீட்டிலிருந்து மலை இறங்கும் வழியில், காரவள்ளிக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்திருந்தாள். மலை முழுக்கப் பனிமூட்டம், சாலையெல்லாம் ஈரம். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. யார்மேலும் தப்பில்லை. உன் காதுகுத்துக்கு நாள் சொல்லத்தான் சேந்தமங்கலத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், அந்த மாமனுக்கு நேரில் போய்த்தான் சொல்லவேண்டும் என்பது முறை. நான் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போதே சொன்னேன், "ஒரு போனப் போட்டுச் சொல்லீரு." "போன்ல சொல்றதுக்கு எங்கண்ணன் என்ன கேஸ் கம்பெனிக்காரனா?" என்றாள். பிறகு, மழை வரும்போல இருக்கிறது, பையன் இங்கேயே இருக்கட்டும் என்று உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்புக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் நீ இருக்கிறாய்.

உனக்கு அப்போது ஒன்றேகால் வயது. நீ வேலைக்கென்று மலை இறங்கும் நாளிலோ, உன் கல்யாணத்துக்கு முந்தின வாரத்திலோ இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அன்று உனக்கு இன்றைய என்னைவிட வயது கூடியிருக்கலாம். அப்படியானால் உன்னைவிடச் சின்னவன் ஒருவன், தூக்கம் கெட்டவன், எழுதியது என்று நினைத்துப் படி. அப்பன் சொல்கிறான் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும் என்று விடுவதற்கு ஒரு காரணம்தான். கைக்குழந்தையோடு தனியாக அடுப்பின்முன் நிற்கிற வேறொருத்தனுக்கு இதில் கொஞ்சம் பயன்படலாம்.

அழுதாயா என்று கேட்பாய். இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். "படிச்ச புள்ள, தைரியமா இருக்குது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தைரியம் இல்லை கண்ணு. மார்கழிக் காலையில் இங்கே கை விறைத்துப்போனால் சூடான டம்ளரைப் பிடித்தாலும் சுடாது, அந்த மாதிரிதான். காரியம் முடிந்து எல்லோரும் மலை இறங்கிய பிறகும் அப்படியேதான் இருந்தேன். போனை மட்டும் அணைக்கவில்லை. சார்ஜ் குறைந்தால் பதறினேன். மின்சாரம் போனால் அக்கா வீட்டு இன்வெர்ட்டரில் கொண்டுபோய் மாட்டினேன். அவள் போன் திரை உடைந்து பீரோவில் கிடக்கிறது, அது இனி அடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பெயர் இன்னொரு முறை திரையில் வந்தால் நான் எடுக்கும்படி இருக்கவேண்டும் என்று ஒரு நினைப்பு. படித்தவனுக்கும் இப்படியெல்லாம் வரும். உனக்கு வந்தால் வெட்கப்படாதே.

என்னை அசைத்தது நீ சாப்பிடாததுதான். பகலில் அவள் உனக்கு ராகிக்கஞ்சி கொடுப்பாள், மற்ற நேரம் பால் கொடுப்பாள். பால் அன்றோடு நின்றது. பவுடர் பாலைக் கலக்கிக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சரி, கஞ்சியாவது பழகினதுதானே என்று அலமாரியைத் திறந்தால் இரண்டு டப்பா இருந்தது. பெரியதில் வெறும் கேழ்வரகு மாவு. சின்னதில் முளைகட்டி, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு. சின்ன டப்பா உனக்கென்று எனக்குத் தெரியும். அவள் துணியில் கட்டித் தொங்கவிட்ட கேழ்வரகு என் தலையில் இடித்து ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அதை அவள் எப்படிக் காய்ச்சினாள் என்று பார்த்ததில்லை. நான் ஆலையில் இருக்கும் நேரத்தில் அல்லவா நீ சாப்பிடுவாய்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சின்ன டப்பா மாவைக் கரைத்து ஊற்றினேன். கட்டியாகிவிட்டது. கட்டியானால் இன்னும் கொதிக்கவிடு, இளகும். என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. கொதிக்கவிட்டேன். கரண்டியை நிறுத்தினால் நிற்கிற பதத்துக்கு வந்தது. நீ ஒரு வாய் வாங்கி, தொண்டையில் அடைத்து, கண்ணெல்லாம் நீராகி, சட்டைமேல் கக்கினாய். உன் அழுகை கேட்டு வந்த அக்கா பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கஞ்சி நகரவில்லை.

"ஏந் தம்பி, இது கஞ்சியா, செவுத்துக்குப் பூசற சாந்தா?"

"ராகிதானுங்கக்கா."

"ராகிதான், தெரியுது. எலக்சன் வந்தா சொல்றேன், போஸ்டர் ஒட்டலாம். இப்பக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. இல்லாட்டி மோர் ஊத்திக் கரைங்க, புள்ள குடிக்கும்."

தண்ணீர் ஊற்றினேன். குடித்தாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் பசித்து அழுதாய். மறுபடி ஊற்றினேன், மறுபடி அழுதாய். உன் வயிறு என் உள்ளங்கை அளவுதான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் மாவுக்கு எங்கே இடம்? கெட்டியாக இருந்தால் இறங்காது, நீர்க்க இருந்தால் உடம்பில் ஒட்டாது. மோர் ஊற்றியதைத் துப்பினாய். அங்கன்வாடியில் எடை போட்ட பெண் அட்டையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், "அடுத்த வாரம் மறுக்கா கொண்டாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவள் குறை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

உன் மாமன் தினமும் பொழுது சாய்ந்ததும் போன் செய்வார். அன்றும் செய்தார்.

"மாப்ள, பையன் என்ன சாப்ட்டான்?"

"ரெண்டு வாய் வாங்குனானுங்க மச்சான்."

"நேத்தும் ரெண்டு வாயின்னுதான சொன்னீங்க?"

போனில் அவருக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போவது கேட்டது. அவருக்குச் சேந்தமங்கலத்தில் டயர்க்கடை.

"கோவத்துல சொல்லலீங்க மாப்ள. எந்தங்கச்சி எங்கூட்டுக்கு வர்ற வழியில போயிட்டா. அவ மவனாச்சும் எங்கூட்டுக்கு வந்து சேரட்டும். எங்கூட்டுக்காரி பாத்துக்குவா. நீங்க வேலக்கிப் போவணும், ஒண்டியா என்ன பண்ணுவீங்க? ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வாரேன். துணிமணி எடுத்து வெய்யுங்க."

"செரிங்க மச்சான்" என்றேன்.

அவ்வளவுதான் கண்ணு. உன்னைக் கொடுத்துவிட அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்ட அதே குரலில் சொன்னேன். சொல்லிவிட்டு உன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நல்ல மனிதர், நல்ல வீடு. உன்னை அனுப்பிவிட்டால் உனக்குச் சோறு கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மரத்துப்போய் இருக்கும்போது எதற்கும் சரி என்று சொல்லாதே. இந்தக் கடிதத்தில் நான் உறுதியாகச் சொல்கிற புத்தி அது ஒன்றுதான். அந்தச் சமயத்தில் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் வலிக்காமல் இருப்பதால் நியாயமாகத் தோன்றுவது.

சனிக்கிழமை காலையும் நீ ஒரு வாய் வாங்கிவிட்டு, கரண்டியைச் சப்பிச் சப்பிக் கஞ்சிக்குள் குத்தி விளையாடினாய். நான் தடுக்கவில்லை. கிண்ணத்தை அடுப்போரம் கதகதப்பாக வைத்துவிட்டு, உன்னைக் குளிப்பாட்டித் தூங்கவைத்தேன். பிறகு கழுவலாம் என்று கிண்ணத்தை எடுத்தால், ஒரு பக்கம் சாந்துபோல இருந்த கஞ்சி, நீ கரண்டி வைத்த பக்கம் மட்டும் நீராக ஓடியது. சாய்த்துப் பார்த்தேன். கெட்டி நகரவில்லை. நீர் மட்டும் ஓரமாக வழிந்து வந்தது. யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருடமாக இந்தக் காட்சிக்குத்தான் எனக்குச் சம்பளம். அதை என் வீட்டுக் கிண்ணத்தில் பார்க்க அடையாளம் தெரியவில்லை.

மாவு என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீளமான சரம் என்று வைத்துக்கொள். வெந்தால் அந்தச் சரங்கள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கி, தண்ணீரையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் கஞ்சி கெட்டியாகிறது. அந்தச் சரத்தை நடுவில் நறுக்குகிற ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் நொதி என்பார்கள், ஆலையில் என்சைம் என்போம். அது உன் எச்சிலில் இருக்கிறது. முளைவிட்ட தானியத்திலும் இருக்கிறது; முளைக்குத் தின்ன மாவு வேண்டுமே, அதை உடைத்துக்கொடுக்க அதற்குள்ளேயே ஊறும். நறுக்கினால் சிக்கல் விடும், கஞ்சி இளகும், மாவு மட்டும் குறையாது. கெட்டிக் கஞ்சியின் சத்து நீர்க்கஞ்சியின் இளக்கத்தில் உன் தொண்டைக்குள் இறங்கும். உன் அம்மாவின் சின்ன டப்பாவில் இருந்தது அதுதான்.

அப்படியானால் என் கஞ்சி ஏன் இளகவில்லை? இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. நொதி எல்லாம் புரதம். சூடு ஏற ஏற அதன் வேகம் கூடும்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் மடிப்புக் குலைந்து வேலைக்கு ஆகாமல் போகும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாததுபோல, ஆறினாலும் திரும்பாது. புளிப்பு மிஞ்சினாலும் கெடும். அக்கா சொன்ன மோருக்கும் அளவு உண்டு. நாங்கள் ஆலையில் வாங்குவது ஒருவகை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, கொதிக்கிற சூட்டிலும் வேலை செய்யும். நீராவியை விட்டுக் கொதிக்கக் கொதிக்கத்தான் கூழை இளக்குவோம். வேறொருத்தன் என்றால் ஒருவேளை தயங்கி ஆறவிட்டிருப்பான். நான் தெரிந்தவன். கட்டியானால் இன்னும் சூடாக்கு என்று என் கை சொன்னது. கேழ்வரகு முளையில் இருப்பது அந்தச் சூட்டைத் தாங்காது. உன் அம்மா கையால் அரைத்துவைத்த மாவில் பாதிக்குமேல் வெந்நீரில் போட்டு வீணாக்கிவிட்டிருந்தேன்.

சின்ன டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெரிய டப்பா மாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கிவைத்தேன். காய்ச்சாமல் முடியாது, வேகாத மாவின் சரம் அவிழாது. அவிழ்க்கக் கொதி வேண்டும், நறுக்க மிதமான சூடு வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் நடக்காது. ரொம்ப ஆறிவிட்டாலும் வேலை மந்தமாகிவிடும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். சுரீர் என்றது, எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டேன். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சின்ன டப்பா மாவில் ஒரு கரண்டி போட்டுக் கிண்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரண்டியின் கனம் குறைந்தது. கையில்தான் முதலில் தெரிந்தது, கண்ணில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்டியிலிருந்து நூலாக ஒழுகியது. நறுக்கும் வேலை முடிந்துவிட்டதால், கடைசியில் போட்ட பச்சை மாவும் வேகட்டும் என்று மறுபடி ஒரு கொதி விட்டு, ஆற்றி எடுத்துவந்தேன். நீ மூக்கைச் சுளித்தாய், ஒரு வாய் வாங்கினாய், என்னைப் பார்த்தாய், வாயைத் திறந்தாய். கிண்ணம் காலியானதும் கிண்ணத்தின்மேல் கோபப்பட்டுத் தட்டினாய். சாயந்தரம் வரை அழாமல் விளையாடினாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமன் வந்தார். வெள்ளை வேட்டி. வாசல் ஓரம் உன் பை இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவர் பையைப் பார்த்தார், உன்னைத் தூக்கிக்கொண்டார், அடுப்பைப் பார்த்தார்.

"இன்னிக்கி ஒரு வாயாச்சும் வாங்குனானா?"

"ஒரு அஞ்சு நிமிசம் மச்சான். கஞ்சி ஆறட்டும்."

"ஆறுன கஞ்சிய எவன் குடிப்பான்? அதான் பையன் மொகத்தத் திருப்பிக்கிறான்."

விரலை விட்டுப் பார்த்தேன். மாவைப் போட்டுக் கிண்டினேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி ஊத்துனீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"நான் பாத்துட்டேதான இருக்கேன். என்னத்தப் போட்டீங்க?"

"உங்க தங்கச்சி அரைச்ச மாவுங்க."

நான் மறுபடி ஒரு கொதி விட்டு ஆற்றிய கிண்ணத்தை அவரே வாங்கிக்கொண்டார். நீ அவர் மடியில் உட்கார்ந்து குடித்தாய். பாதி உள்ளே போனது, பாதி வேட்டியில் போனது. கரண்டி வர நேரமானால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். "பொறுடா சாமி, மெசினுன்னு நெனச்சியா என்னய?" என்றார். கடைசி வாய் கொடுத்துவிட்டு, வழித்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேட்டியைப் பார்த்து, "புது வேட்டி. எடுத்து வெச்சிருந்ததப் பாழாக்கிட்டான்" என்றார். எதற்கு எடுத்து வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

"நீங்க வேலக்கிப் போனா?"

"பகல் ஷிப்ட் மட்டும் கேட்டிருக்கேனுங்க. நான் வர்ற வரைக்கும் பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்கறாங்க. காலைல காய்ச்சி வெச்சுட்டுப் போறேன்."

"மாவு தீந்து போச்சுன்னா?"

"கேழ்வரகு ஊற வெச்சிருக்கேனுங்க."

சுவரில் ஆணியில் தொங்கும் துணி மூட்டையை அப்போதுதான் பார்த்தார். எழுந்துபோய் அடியில் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். போகும்போது உன் பையைத் தூக்கினார். அதைக் கொண்டுபோய்ப் பீரோ ஓரம் வைத்துவிட்டு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னார்:

"காதுகுத்துக்கு நேர்ல வந்து சொல்லணுங்க மாப்ள. போன்ல சொன்னா வரமாட்டேன்."

"நேர்ல வாரேன் மச்சான். பஸ்ல வாரேன்."

தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். முதல் வளைவில் ஹாரன் அடித்தார். எதிரில் யாரும் இல்லை, இருந்தும் நீளமாக அடித்தார்.

இப்போது அதே ஞாயிறு மத்தியானம். நீ என் தோளில் தூங்குகிறாய், ஒரு கையால் எழுதுகிறேன். நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. உடம்பெல்லாம் அலுப்பு, இன்னும் அழவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். சூட்டில் கெட்டது திரும்பாது. குளிரில் வைத்தது அப்படி இல்லை. ஃப்ரிட்ஜில் கிடந்த என்சைம் வேலை செய்யாததுபோல இருக்கும், வெளியே எடுத்துக் கதகதப்பில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எனக்கு நடந்தது எது என்று தெரியவில்லை. குளிர்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று விரல் சுட்டபோது வலித்தது. அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

உன் வாழ்க்கையிலும் ஒருநாள் இப்படி ஒன்று வரும். வராமல் இருக்க வழி சொல்ல எனக்குத் தெரியாது. அப்போது உனக்குத் தெரிந்த சூடு வேறு, உன் எதிரில் இருப்பது தாங்குகிற சூடு வேறு என்பதை மட்டும் நினைத்துக்கொள். கெட்டியாக இருப்பதையெல்லாம் கொதிக்கவைத்து இளக்க முடியாது. விரலை விட்டுப் பார். சுட்டால் பொறு.

சின்ன டப்பாவில் இன்னும் ஒரே ஒரு கரண்டி மாவுதான் மிச்சம் இருக்கிறது. அதை அவள் ஞாபகமாக எடுத்துவைக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், நாளைக் காலை அதையும் நீயே குடித்துவிடு. நான் கட்டிய கேழ்வரகு இந்தக் குளிரில் முளைவிட்டு உலர இன்னும் நேரம் எடுக்கும்; மூட்டையைக் கழற்றி அடுப்புப் பக்கத்து ஆணிக்கு மாற்றியிருக்கிறேன். இடையில் இரண்டு மூன்று நாள் வெறும் கஞ்சிதான், கொஞ்சம் பொறுத்துக்கொள். சற்றுமுன் ஆலையிலிருந்து அழைத்தார்கள், நாளை வருகிறேன் என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் நீ ஒருமுறை உதறி விழித்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கினாய். எனக்குச் செய்தி சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். போனை அணைத்துவிட்டேன்.